மூன்று ஆட்டத்துக்கு ஒரு தள்ளு

மார்க்கையன்கோட்டைச் செல்லமே, வா! முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் உன் ஊரில், ஒரு புளியமரக் கிளையில் ஊஞ்சல் கட்டுவோம். கயிறு 4 மீட்டர் நீளம் இருக்கட்டும்.

அது ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய 4 வினாடி ஆகும். குட்டித் தங்கை உட்கார்ந்தாலும் 4 வினாடிதான், பெரிய அண்ணன் உட்கார்ந்தாலும் 4 வினாடிதான். இது ஊஞ்சலின் சொந்தத் தாளம்.

4 வினாடிக்கு ஒருமுறை மெல்லத் தள்ளு. ஊஞ்சல் உயரும். உனக்கு இது தெரியும். இப்போது கை ஓய்ந்துபோய், மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை, அதாவது 12 வினாடிக்கு ஒருமுறை தள்ளு. அவ்வளவு உயரம் போகாது. ஆனாலும் நன்றாகவே ஆடும்! 10 வினாடிக்கு ஒருமுறை தள்ளிப் பார். அடிக்கடி தள்ளுகிறாய், ஆனால் ஊஞ்சல் உயரவே மாட்டேன் என்கிறது.

ஏன்? நீ இப்படிக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளையாயிற்றே!

ஊஞ்சல் நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அவ்வளவு பலமாகத் திரும்ப இழுக்கப்படும். அந்த இழுப்பும் உன் தள்ளும் சேர்ந்து அதன் வேகத்தை நொடிக்கு நொடி மாற்றும். இதைக் கணக்காக எழுதினால் அதன் பெயர் வகைக்கெழுச் சமன்பாடு. பெயர்தான் பெரிது, பயப்படாதே.

தள்ளு வழவழப்பான அலையாக ஏறி இறங்கினால் இந்தச் சமன்பாட்டுக்கு விடை சுலபம். உன் கையோ சட்டென்று தள்ளிவிட்டுச் சும்மா இருக்கிறது. என்ன செய்வது?

பிரான்சு நாட்டு ஜோசப் ஃபூரியே வழி காட்டினார். வெப்பம் பரவுவதை ஆராய்ந்து 1822-ல் அவர் வெளியிட்ட நூலில் இருக்கிறது அந்த வழி. திரும்பத் திரும்ப வரும் எதையும், கதம்பத்திலிருந்து பூக்களைப் பிரிப்பதுபோல, எளிய அலைகளாகப் பிரித்துவிடலாம்.

உன் 12 வினாடித் தள்ளைப் பிரித்தால் 12 வினாடி அலை, அதில் பாதியான 6, மூன்றிலொன்றான 4, நான்கிலொன்றான 3 என்று வரிசையாக வரும். ஒவ்வோர் அலைக்கும் தனித்தனியே விடை கண்டு, எல்லாவற்றையும் கூட்டிவிடு. ஊஞ்சல் கொஞ்சமாக ஆடும்வரை இப்படிக் கூட்டுவது சரியாக இருக்கும்.

புரிகிறதா? அந்த வரிசையை இன்னொரு தடவை படி. 4 இருக்கிறதல்லவா? மற்ற அலைகள் ஊஞ்சலை லேசாக அசைக்கும், அவ்வளவுதான். 4 வினாடி அலைதான் சொந்தத் தாளத்தோடு சேர்ந்து அதை உயர்த்துகிறது. 10 வினாடித் தள்ளில் 10, 5, 3.33, 2.5 என்று வரும். 4 இல்லவே இல்லை!

அலையின் நேரம் பாதி, மூன்றிலொன்று என்று குறைந்தால், வினாடிக்கு அது ஆடும் தடவை 2, 3 மடங்கு என்று கூடும். இந்த மடங்கு வரிசை மிருதங்கத்திலும் உண்டு. சாதாரணத் தோல் மேளத்தின் அதிர்வுகள் இப்படி முழு மடங்குகளில் அமையாது. வலந்தலை என்னும் வலப்பக்கத் தோலின் நடுவில் அப்பிய கருஞ்சாந்தால் மிருதங்கத்தில் அவை 2, 3, 4, 5 மடங்கு என ஏறக்குறைய ஒழுங்காக நிற்கின்றன. 1920-ல் இதை 'நேச்சர்' இதழில் எழுதியவர்களில் ஒருவர் நம் திருச்சியில் பிறந்த சி.வி.ராமன். எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

சரி, நீ சொல்: 8 வினாடிக்கு ஒருமுறை தள்ளினால் ஊஞ்சல் உயருமா? எத்தனையாவது அலை அதை உயர்த்தும்? 9 வினாடி என்றால்? தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு ஊஞ்சலிடம் போ.