அம்மனுக்கு முன்னால் ஆடும் சோமன்

சித்திரை பிறந்துவிட்டால் சிவாஜிநகர் தமிழர்கள் பலருக்கும் ஊர் நினைப்பு வந்துவிடும். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாயிற்றா, தேர் என்றைக்கு என்று கடிதம் போட்டுக் கேட்ட காலம் போய், இப்போது போனில் கேட்கிறார்கள். லீவு கிடைத்தவர் பஸ் ஏறிவிடுவார். கிடைக்காதவர் மனத்தைத் தேற்றிக் கொண்டு வேலைக்குப் போவார்.

அதே நாட்களில்தான் பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், மாண்டியா, தும்கூர், ஹாசன் பக்கங்களிலும் ஊர்த் தேவதைகளுக்குத் திருவிழா நடக்கிறது. யுகாதி கழிந்து மழை தொடங்குவதற்குள் நடக்கும் இந்த விழாக்களில் 'சோமன குணித' என்ற ஆட்டம் உண்டு. குணித என்றால் கன்னடத்தில் ஆட்டம். சோமன் யார்? அம்மனுக்குக் காவலாக முன்னே செல்பவன். ஆனால் சோமன் என்பது ஆடுகிறவரின் பெயரல்ல. மரத்தில் செதுக்கிய முகத்துக்கே அந்தப் பெயர்.

பிதுங்கிய கண்களும் பெரிய மீசையுமாக இருக்கும் அந்த முகம். சாந்தமான தெய்வத்துக்குச் சிவப்பு வர்ணம். உக்கிரமானதற்கு மஞ்சள் அல்லது கறுப்பு. சிவப்பைக் கோபத்தின் நிறமாகவே எண்ணிப் பழகிய நமக்கு இது புதுமைதான். தலைக்கு மேல் சிறு கொடி, உடம்பெல்லாம் வண்ணத் துணி, வேப்பிலை, கையில் பிரம்பு, மயிற்பீலி. முதலில் தெய்வத்தை அழைத்துப் பூசை; சேவல் பலியும் உண்டு. பிறகு ஒருவர் சோமன் தோன்றிய கதையைப் பாட, தோல்வாத்தியமும் 'மௌரி' என்ற குழலும் முழங்க ஆட்டம் தொடங்கும். மீன்பிடித்தலையும் படகோட்டுவதையும் தொழிலாகக் கொண்டிருந்த கங்கைமத சமூகத்தாரிடையே இது பரம்பரை வழக்கம்.

தமிழில் நாம் முகமூடி என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டால் முகத்தை மறைத்துவரும் திருடன்தான் நினைவுக்கு வருகிறான். இங்கே மறைப்பது நோக்கமல்ல. உள்ளே இருப்பது பக்கத்து வீட்டுக்காரர் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் கும்பிடுகிறார்கள்.

மாலி நாட்டு முகங்கள்

மரமுகத்துக்கு இப்படி மரியாதை செய்கிறவர்கள் ஆப்பிரிக்காவிலும் இருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் பாந்தியாகரா என்ற நீண்ட செங்குத்துப் பாறைச்சரிவை ஒட்டி வாழும் டோகோன் மக்கள் அவர்கள். ஒருவர் இறந்து அடக்கம் முடிந்தாலும் அவருடைய ஆவி ஊரிலேயே இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதை முன்னோர் உலகுக்கு அனுப்பிவைக்க, சில ஆண்டுகள் கழித்தாவது 'தாமா' என்ற சடங்கு செய்வார்கள். சிவப்புச் சாயமிட்ட நார்ப்பாவாடை கட்டி, மரமுகம் தரித்து ஆண்கள் ஆடுவார்கள். நம் ஊர்க் கருமாதியைப் போலத் துக்கம் கழிக்கும் காரியந்தான், ஆனால் செலவும் கூட்டமும் திருவிழா அளவு.

1931-ல் அங்கே சென்ற பிரெஞ்சு ஆய்வாளர் மார்செல் கிரியோல் எழுபதுக்கும் மேற்பட்ட முகமூடி வகைகளைக் குறித்துவைத்தார். 1938-ல் அவருடைய நூல் வெளிவந்தது. உச்சியில் இரட்டைக் குறுக்குச் சட்டம் கொண்டது 'கனகா'. அதை அணிந்தவர் இடுப்பை வளைத்துச் சட்டத்தின் நுனி தரையில் படும்படி வீசிச் சுழற்றுவார். 'சிரிகே' என்பது ஓர் ஆளைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உயரம். அதைத் தலையில் தாங்கி ஆடுவதற்குக் கழுத்தில் நல்ல பலம் வேண்டும். 'சீகுயி' என்ற மற்றொரு பெருவிழா அறுபது ஆண்டுக்கு ஒரு தரம் வரும். நம் பிரபவ முதல் அட்சய வரையுள்ள வருஷச் சுற்றும் அறுபதுதான் என்பது வேடிக்கையான பொருத்தம்! கடைசியாக அந்த விழா 1967 முதல் 1973 வரை ஊர் ஊராக நடந்தது. அடுத்தது 2027-ல் தொடங்க வேண்டும். ஆனால் கடந்த சில ஆண்டுகளாக அப்பகுதியில் கலவரமும் கொலையும் நடந்து மக்கள் ஊரைவிட்டு ஓடவும் நேர்ந்திருக்கிறது.

ஒரு வேற்றுமையையும் சொல்ல வேண்டும். ஆடி முடித்த முகமூடியை டோகோன்கள் விற்றுவிடுவதும் உண்டு. ஐரோப்பியக் காட்சியகங்களில் கண்ணாடிக்குள் நிற்பவற்றில் பல அப்படிப் போனவை. சோமனின் கதி அதுவல்ல. விழா முடிந்தால் அவன் கோயிலுக்குத் திரும்ப வேண்டும்.

லீவு போட்டு வருகிறவர்கள்

தஞ்சை மாவட்டத்து மெலட்டூரிலும் இதே வழக்கம். பாகவத மேளாவின் நரசிம்ம முகத்துக்கு ஆண்டு முழுவதும் பூசை உண்டு. நரசிம்ம ஜயந்தியையொட்டி 'பிரகலாத சரித்திரம்' நடக்கும் இரவில் மட்டும், விரதம் இருந்தவர் அதை அணிவார். ஆவேசம் மீறிவிடாமல் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள். அங்கே நடிப்பவர்களில் பலர் வெளியூர்களில் உத்தியோகம் பார்ப்பவர்கள். அதற்கென்றே லீவு எடுத்து ஊர் வந்து ஒத்திகை பார்க்கிறார்கள். மாலியிலும் நகரத்துக்குப் பிழைக்கப் போன இளைஞர்கள் தாமாவுக்கு ஊர் திரும்புவதுண்டு. மரமுகத்தைப் பத்திரமாகப் பூட்டிவைத்துவிடலாம்; அதைத் தரித்து ஆடுகிற ஆள் வராவிட்டால் விழா நடக்காது. சோமன் ஆடும் கிராமங்களிலும் வாலிபர்கள் பெங்களூருக்கு வேலைக்கு வந்துவிடுகிறார்கள். பக்கத்து மேஜையில் உள்ள கன்னடக்காரர் சித்திரையில் நான்கு நாள் லீவு கேட்டால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஊருக்குப் போக முடியாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமநகரம் ஜானபத லோகத்துக்குப் போய்வரலாம். நாட்டுப்புறக் கலைகளுக்காக எச்.எல். நாகே கவுடா உருவாக்கிய இடம் அது. மைசூர் பழைய சாலையில், ராமநகரத்தைத் தாண்டிச் சன்னபட்டணத்துக்கு முன்னால் இருக்கிறது. பெங்களூரிலிருந்து சுமார் 53 கிலோமீட்டர். விரைவுச் சாலை வழியாகப் போகும் மைசூர் பஸ் அங்கே நிற்காது. ராமநகரத்துக்குள் போகும் பஸ்தானா என்று கேட்டு ஏற வேண்டும்.