வாழை நோயறியக் கைபேசிப் படம்: எவ்வளவு நம்பலாம்?

கருங்கல் வட்டாரத்தில் ஏத்தன், செந்துளுவன், மட்டி என ஏதேனும் ஒரு வாழை இல்லாத விளைகள் குறைவு. இலை மஞ்சளித்தால் ஒரு துண்டை நறுக்கிக்கொண்டு உரக்கடைக்குப் போவது பழைய வழக்கம். இன்று கைபேசியில் படம் எடுத்து, அதைக் கொண்டே நோயின் பெயரைத் தேடுகிறார்கள். வசதிதான். ஆனால் பெயர் தவறினால் மருந்துச் செலவு வீண். நோயும் அடுத்த மூட்டுக்குப் பரவிவிடும்.

படம் எப்படித் தேடப்படுகிறது?

கைபேசிக்கு வாழையைத் தெரியாது. நாம் அனுப்பும் படத்தின் நிறம், புள்ளி, கோடு ஆகியவற்றை எண்களாக மாற்றி, முன்பே பெயரிட்டுச் சேர்த்த படங்களில் எதனோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறது. ஆகவே, சேர்த்து வைத்த படங்கள் எப்படியோ அப்படியே பதிலும் அமையும்.

இதற்குச் சான்று உண்டு. அமெரிக்க, சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2016இல் 14 பயிர்களின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு ஒரு முறையைச் சோதித்தனர். அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்த படங்களில் நூற்றுக்கு 99க்கு மேல் சரியாக இருந்தது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது நூற்றுக்கு 31 அளவுக்கு இறங்கிவிட்டது. சீரான பின்னணியில் வைத்துப் படமெடுத்த தனி இலை வேறு. வெயிலும் நிழலும் களையும் கலந்த தோட்டத்து இலை வேறு.

வாழைக்கென்றே 2019இல் 'டுமைனி' என்ற செயலி வெளிவந்தது. சுவாகிலி மொழியில் இதற்கு நம்பிக்கை என்று பொருள். பயோவர்சிட்டி, சியாட் என்ற உலக ஆய்வு நிறுவனங்களோடு துறையூரை அடுத்த இமயம் வேளாண்மைக் கல்லூரியும் இப்பணியில் பங்கு கொண்டது. ஆப்பிரிக்காவிலும் தென்னிந்தியாவிலும் தோட்டங்களிலேயே படங்கள் எடுக்கப்பட்டன. சோதனையில் பெரும்பாலும் நூற்றுக்கு 70 முதல் 99 வரை சரியான விடை கிடைத்தது. எழுபதுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

எந்தச் செயலியானாலும், நோய் இன்னதென்று தோட்டக்கலை அலுவலர் உறுதி செய்த மூடுகளில் முதலில் சோதிப்பது நலம். உதாரணமாக, 20 மூடுகளில் 10 மூடுகளுக்கு முடிக்கொத்து நோய், 10 நல்லவை என்று கொள்வோம். கைபேசி 8 மூடுகளை நோயுள்ளவை என்கிறது. அவற்றில் 6 உண்மை, 2 தவறு. இங்கே இரண்டு கணக்கு உண்டு. சொன்னவற்றில் சரியானது 8க்கு 6. இருந்த நோயில் கண்டுபிடித்தது 10க்கு 6 மட்டுமே. விட்டுப்போன 4 மூடுகளிலிருந்து அசுவினிகள் நோயைப் பரப்பிக்கொண்டே இருக்கும். முடிக்கொத்துக்கு மருந்து கிடையாது. அசுவினியை முதலில் மருந்தடித்துக் கொன்று, மூட்டைக் கிழங்கோடு தோண்டி அழிப்பதே வழி. எனவே இந்நோயில், 'நோய் இல்லை' என்று கைபேசி சொல்வதை எளிதில் நம்பலாகாது. மாறாக, விலை உயர்ந்த மருந்தடிக்கும்போது, 'நோய் உண்டு' என்ற பதிலை இன்னொரு முறை உறுதி செய்ய வேண்டும்.

படம் எடுக்கும் முறை

1. கைபேசிக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளவும். ஈர இலை பளபளக்கும். மழை நீர் வடிந்த பின் எடுக்கவும்.

2. உச்சி வெயிலைத் தவிர்க்கவும். இலைக்குப் பின்னால் வெள்ளைத் துண்டைப் பிடிக்கவும்.

3. புள்ளி தெளிவாகத் தெரியும்படி அருகில் ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று, முழு மூடு ஒன்று என மூன்று படங்கள் தேவை.

4. முதல் பதிலோடு நின்றுவிடாமல், தேடலில் வரும் முதல் ஐந்து படங்களையும் உங்கள் இலையோடு ஒப்பிடவும். மூன்று படங்களுக்கும் மூன்று பெயர் வந்தால் எதையும் நம்ப வேண்டாம்.

5. தேதியோடு படங்களைச் சேமித்து வைத்தால் நோய் வளர்ந்த விதத்தை அலுவலரிடம் காட்டலாம்.

படத்துக்கு எட்டாதவை

மண்ணுக்குள் இருப்பது படத்தில் தெரியாது. நூற்புழு தாக்கிய மூடும் உரம் போதாத மூடும் மேலே பார்க்க ஒன்றுபோல் வாடலாம். வேரைப் பார்த்தால்தான் புரியும். பனாமா வாடலில் அடியிலைகள் மஞ்சளித்து, காம்பு மடிந்து தண்டைச் சுற்றித் தொங்கும். தண்டையும் கிழங்கையும் வெட்டினால் செம்பழுப்புக் கோடுகள் காணும். அந்த வெட்டுமுகத்தையும் படமெடுக்க வேண்டும். ஆப்பிரிக்க வாழையில் பெருஞ்சேதம் செய்யும் சாந்தோமோனாஸ் வாடலும் டுமைனியின் பட்டியலில் உண்டு. நம் விளையில் அந்தப் பெயர் வந்தால், பெயரைக் கொண்டு மருந்து வாங்காமல் தண்டை வெட்டிப் பார்ப்பதே முறை.

ஐயம் இருப்பின் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையம், பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஆகியவற்றை அணுகலாம். கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800 180 1551. கைபேசிப் படம் நோயைச் சந்தேகிக்க உதவும்; மருந்து வாங்குமுன் உறுதி செய்துகொள்வது விவசாயியின் பொறுப்பு.