நலவாழ்வுக் கல்வியில் அருங்காட்சியகத்தின் பங்கு

நோயுற்றவர் மருத்துவமனையை நாடிச் செல்கிறார். நலமாக இருப்பவர் அங்குச் செல்வதில்லை. நோய் வராமல் காத்துக்கொள்ளும் அறிவோ நலமாக இருப்பவருக்கே முதலில் தேவைப்படுகிறது. அத்தகையோரைக் குடும்பத்தோடு வரவழைத்துக் கண்ணால் கண்டு கற்கச் செய்யும் வாய்ப்பு அருங்காட்சியகங்களுக்கும் அறிவியல் மையங்களுக்கும் உண்டு. ஆகவே, அவை பொதுச் சுகாதாரத் துறைக்கு உற்ற துணையாகின்றன. அத்துணையின் ஆற்றலையும் பொறுப்பையும் ஒருசேர உணர்த்துவது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள சுகாதார அருங்காட்சியகத்தின் வரலாறு. அதனை நாம் ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

தோற்றமும் வளர்ச்சியும்

'ஓடோல்' என்னும் வாய் கொப்பளிக்கும் நீர்மத்தை விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டியவர் கார்ல் ஆகஸ்ட் லிங்னர். அவரது முயற்சியால் 1911-ஆம் ஆண்டு டிரெஸ்டனில் பன்னாட்டுச் சுகாதாரக் கண்காட்சி நடைபெற்றது. 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனைக் கண்டனர். மனித உடலின் அமைப்பையும் இயக்கத்தையும் எளியோரும் அறியுமாறு விளக்கிய 'மனிதன்' என்னும் கூடமே மக்களைப் பெரிதும் ஈர்த்தது. அதன் பயனாக 1912-இல் நிலையான அருங்காட்சியகம் நிறுவப்பட்டது.

1930-இல் அதன் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது 'கண்ணாடி மனிதன்' என்னும் உருவம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஒளி ஊடுருவும் செயற்கைப் பொருளாலான அவ்வுடலில் எலும்பும் நரம்பும் குருதிக் குழாய்களும் வெளியே தெரிந்தன. உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாக ஒளிபெற்று விளங்கின. தம் உடலுக்குள் இருப்பதை முதன்முறையாகக் கண்ட மக்கள் வியந்து நின்றனர்.

நெறி பிறழ்ந்த காலம்

1933-இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். மரபுவழி நோயுடையோர் எனத் தாம் கருதியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டத்தை அவ்வாண்டிலேயே இயற்றினர். ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அதற்கு இரையாயினர். அக்கொடுமையை அறிவியல் என மக்கள் ஏற்குமாறு கண்காட்சிகளும் விளக்கப் படங்களும் அதே அருங்காட்சியகத்தில் ஆயத்தமாயின. உடல்நலம் கற்பித்த கலை உயிர்களைத் தரம் பிரிக்கும் கருவியாயிற்று. பல்லாண்டுகள் மக்கள் நம்பிப் பழகிய நிறுவனம் சொன்னதாலேயே அப்பொய் வலிமை பெற்றது என்பது நம் கருத்து.

எனினும், அவ்வரலாறு மறைக்கப்படவில்லை. நாஜி மருத்துவத்தின் கொடுமைகளை விளக்க வாஷிங்டனிலுள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் உருவாக்கிய கண்காட்சி, 2006-இல் டிரெஸ்டன் அருங்காட்சியகத்திலேயே இடம்பெற்றது.

இக்காலப் பணி

இத்துணை இன்றும் தேவைப்படுகிறது. கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2021-இல், நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தனது நீலத் திமிங்கல உருவத்தின் கீழேயே மக்களுக்குத் தடுப்பூசி இட இடமளித்தது. 2022-இல் புதுதில்லியின் தேசிய அறிவியல் மையத்தில், இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் கூட்டுறவோடு, தடுப்பூசி உருவான வரலாற்றை விளக்கும் கண்காட்சி தொடங்கியது. மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவோரும் தமக்குப் பழகிய கூடத்திற்கு அச்சமின்றி வருவர்.

முடிவுரை

மருத்துவர் உண்மையை வழங்க, அருங்காட்சியகம் அதனைக் காட்சியாக்குகிறது. ஆனால், காட்சிப்படுத்தும் திறன் பொய்க்கும் பணிசெய்யும் என்பதே டிரெஸ்டன் தரும் பாடம். இதற்குச் சான்று யாது, இதனைச் சொல்பவர் யார், இதனால் துன்புறுவோர் யாவர் என்று பார்வையாளர் வினவுவதற்கும் கூடத்தில் இடம் வேண்டும். அவ்வினாக்களுக்கு அஞ்சாத அருங்காட்சியகமே மக்கள் நலத்திற்கு மெய்யான துணையாகும்.