அண்ணி கூட இருந்தா அதுவும் கனடாதான்!

"வீட்டுல நீதானேடா பி.காம்? இதைக் கூட்டிக் கழிச்சுச் சொல்லு!"

என் பெரியம்மா பையன் பாஸ்போர்ட்டை மடியில் போட்டார். அதில் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

கதை இதுதான். அண்ணன் டொரான்டோவில் வேலை பார்த்து, நிரந்தர வசிப்புரிமை (அதாங்க, பி.ஆர்.) வாங்கினார். அங்கேயே ஸ்கார்பரோவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கல்யாணமும் பண்ணிக் கொண்டார். அண்ணி கனடா சிட்டிசன். பெரியப்பாவுக்குத் திடீரென்று பக்கவாதம். "மூணே மாசம்" என்று சென்னைக்கு வந்தவர்கள், மூன்றரை வருஷமாக இங்கேயே இருக்கிறார்கள். பி.ஆர். கார்டு காலாவதி!

சட்டம் என்ன சொல்கிறது? ஐந்து வருஷத்தில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அண்ணன் கணக்கில் 548 நாள்தான். பட்ஜெட் பாஷையில் சொன்னால், 182 நாள் துண்டு விழுகிறது.

"போச்சு!" என்றார் அண்ணன்.

காபி கொண்டு வந்த அண்ணி, "நான் சிட்டிசன் எல்லோ தம்பி? இவர் என்னோடதானே இருந்தவர்!" என்றார்.

அட! 2002-ல் அமலுக்கு வந்த சட்டத்தின் 28-வது பிரிவில் அந்தச் சலுகை இருக்கிறது. சிட்டிசனான கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் சேர்ந்து வசிக்கும் ஒவ்வொரு நாளும் கனடாவில் இருந்ததாகவே வரவு வைக்கப்படும். மைலாப்பூரில் குடித்தனம், கணக்கில் கனடா! மறுபடி கூட்டினேன். அண்ணி பிரசவத்துக்குத் தாய் வீடு போன 124 நாளைக் கழித்தாலும் மொத்தம் 1,702 நாள்.

ஆனால் சேர்ந்து வாழ்ந்ததற்குச் சாட்சி? அங்கேதான் இடித்தது. கரண்ட் கார்டு பெரியப்பா பேரில், கேஸ் பெரியம்மா பேரில். மூன்றரை வருஷம் ஒரே வீட்டில் சண்டை போட்டதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது! வெளிநாட்டவர் என்பதால் அண்ணி முணுமுணுத்துக் கொண்டே எடுத்து வைத்திருந்த பதிவுச் சீட்டில்தான் விலாசம் இருந்தது. கூட, ஜாயின்ட் அக்கவுன்ட் பாஸ்புக்.

இன்னொரு வில்லங்கம்: யாரோடு யார் போனது? விதிமுறைப்படி சேர்ந்து வசித்தாலே போதும். ஆனாலும் 'மனைவியைத் தொடர்ந்து இவர் போனாரா, இவர் பின்னால் மனைவி வந்தாரா?' என்ற கேள்வி எழுந்து, அப்பீல் வரை போன வழக்குகள் உண்டு. கல்யாணமான ஆண்களுக்கு இதில் சந்தேகமே வராது என்பது வேறு விஷயம்!

அண்ணனுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. கார்டு காலாவதியானால் பி.ஆர். தானாகப் போய்விடாது. ஆனால் கார்டு இல்லாமல் ஏர்லைன்ஸ்காரன் ஏற்ற மாட்டான். வெளிநாட்டிலிருந்தே பயண ஆவணத்துக்கு மனு போட வேண்டும். மறுத்தால் 60 நாளுக்குள் அப்பீல்.

"அப்போ அடுத்தது சிட்டிசன்ஷிப்!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். உட்கார வைத்தேன். அதற்கு 1,095 நாள். பொதுவாக, உடம்போடு கனடா மண்ணில் இருந்தாக வேண்டும். சென்னையில் அண்ணியோடு இருந்த நாளெல்லாம் செல்லாது.

போன வாரம் பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் வந்துவிட்டது. டிக்கெட் இன்னும் போடவில்லை. பெரியப்பா இப்போதுதான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார்.