குரல் இவருடையது, முகம் வேறொருவருடையது: மார்த்தா வாஷ் கோர்ட்டுக்குப் போனது ஏன்?

'கோனா மேக் யூ ஸ்வெட்' என்ற பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஜிம்மிலோ, ஏதாவது ஒரு ரிசப்ஷனிலோ, எல்லோரையும் ஆட வரச் சொல்லி அதிரவைக்கும் அந்தப் பெண் குரலை அநேகமாகக் கேட்டிருப்பீர்கள். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு அது. வீடியோவில் அந்த வரிகளைப் பாடுவதாகத் தெரிபவர் ஒல்லியான ஓர் இளம்பெண். உண்மையில் பாடியவர் அதில் எங்குமே இல்லை. அவர் பெயர் மார்த்தா வாஷ்.

யார் இவர்?

1953-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே தேவாலயத்தில் காஸ்பல் பாடல்கள் பாடி வளர்ந்தார். அடிவயிற்றிலிருந்து எழும் அந்தப் பாட்டுமுறைதான் பின்னாளில் டிஸ்கோவிலும் அவருடைய அடையாளம். 1976-ல் பாடகர் சில்வெஸ்டரின் குழுவில் துணைக்குரல் பாடச் சேர்ந்தார். அங்கே இசோரா ரோட்ஸுடன் ஜோடி அமைந்தது. இருவருமே பருமனானவர்கள். அதையே வைத்து 'டூ டன்ஸ் ஓ ஃபன்' என்று பெயர் வந்தது.

பிறகு அதே ஜோடி 'தி வெதர் கேர்ள்ஸ்' ஆனது. 1982-ல் 'இட்ஸ் ரெய்னிங் மென்' வெளியானது. டோனா சம்மர் வேண்டாம் என்று ஒதுக்கிய பாட்டு. 1984-ல் பிரிட்டனில் 2-வது இடம் வரை போனது.

பிரச்னை எங்கே ஆரம்பித்தது?

ஜோடி பிரிந்த பிறகு, ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஸ்டூடியோவில் பாடிக்கொடுத்தார் வாஷ். இதில் டெமோ என்று ஒன்று உண்டு. அதாவது மாதிரிப் பதிவு. அதைக் கேட்டு, பிறகு வேறொருவர் பாடுவார். இத்தாலியின் 'பிளாக் பாக்ஸ்' குழுவுக்குத் தான் பாடியதும் அப்படித்தான் என்று நினைத்திருந்தார். ஆனால் 1990-ல் வந்த 'டிரீம்லேண்ட்' ஆல்பத்தில் 'எவ்ரிபடி எவ்ரிபடி', 'ஸ்ட்ரைக் இட் அப்' எல்லாமே அவர் குரலிலேயே வந்தன. அவர் பெயர் இல்லை. வீடியோவில் வாயசைத்தவர் ஒரு பிரெஞ்சு மாடல். அதே ஆண்டு 'சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி'யின் 'கோனா மேக் யூ ஸ்வெட்' பாட்டிலும் அதே கதை.

நம்ம சினிமாவிலும் இதுதானே நடக்கிறது?

அப்படி உங்களுக்குத் தோன்றலாம். வித்தியாசம் பெயரில்தான் இருக்கிறது. இங்கே திரையில் வாயசைப்பது நடிகர், பாடுவது வேறொருவர் என்பது எல்லோருக்கும் தெரியும். பாடியவர் பெயரும் வெளியே வரும். ஆனால் அதுவும் தானாக வந்துவிடவில்லை. 1949-ல் 'மஹல்' இந்திப் படத்தின் பாட்டு இசைத்தட்டாக வந்தபோது, பாடியவர் 'காமினி' என்று கதாபாத்திரத்தின் பெயரே அச்சானது. யார் இந்தப் பாடகி என்று ரேடியோ நேயர்கள் கேட்கத் தொடங்கிய பிறகுதான் லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளியே வந்தது.

வாஷ் விஷயத்தில் யாரும் கேட்கவில்லை. பாடுவது திரையில் தெரியும் பெண்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். தன் உடல்வாகு வீடியோவுக்குச் சரிவராது என்றுதான் மறைத்தார்கள் என்பது வாஷின் ஆதங்கம்.

வழக்கில் என்ன கிடைத்தது?

தீர்ப்பு வரை போகவில்லை, சமரசத்தில் முடிந்தது. 'பிளாக் பாக்ஸ்' பாடல்களை அமெரிக்காவில் வெளியிட்ட ஆர்சிஏ நிறுவனம் அவரையே தனிப்பாடகியாக ஒப்பந்தம் செய்தது. 1993-ல் 'மார்த்தா வாஷ்' என்ற பெயரிலேயே ஆல்பம் வந்தது. அதிலிருந்த 'கேரி ஆன்' பில்போர்டின் நடன இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

சோனி நிறுவனத்துடனான வழக்கு 1994-ல் முடிந்தது. 'கோனா மேக் யூ ஸ்வெட்' வீடியோவில், குரல் மார்த்தா வாஷுடையது, திரையில் தோன்றுபவர் ஜெல்மா டேவிஸ் என்று தெளிவாகக் குறிப்பிடும்படி எம்டிவியிடம் சோனி கேட்டுக்கொண்டது. டேவிஸும் பாடகிதான், அதே குழுவின் வேறு பாட்டுகளில் பாடியிருக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு ஸ்டூடியோவில் ஒருநாள் பாடிக்கொடுக்கும் குரலுக்குக் கூலி கொடுத்தால் போதுமா, பெயரும் கொடுக்க வேண்டுமா? வாஷ் கேட்டது இவ்வளவுதான். அடுத்தமுறை ஒரு பாட்டு உங்களை எழுந்து ஆடவைத்தால், ஆப்பில் பாடியவர் பெயர் எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிஷம் தேடிப்பாருங்கள்.