லூகாஸ் ஸ்டாப்பும் ஃபோகஸ் லைட்டும்

பாடி மேம்பாலம் நெருங்கும்போது பஸ் கண்டக்டர் "லூகாஸ்லாம் எறங்கு" என்று குரல் கொடுப்பார். அந்த லூகாஸ் ஒரு விளக்கு வியாபாரி. பர்மிங்ஹாம் தெருக்களில் மண்ணெண்ணெய் விற்றுத் தொடங்கி, சைக்கிளுக்கு எண்ணெய் விளக்கு செய்து பெயர் வாங்கிய ஜோசப் லூகாஸ். அவர் வழிவந்த நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் கைகோத்து 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ். உருவானது. செல்ஃப் மோட்டாரும், மெக்கானிக்குகள் இன்றும் 'டைனமோ' என்றே சொல்லும் ஆல்டர்னேட்டரும் அதன் முக்கியத் தயாரிப்புகள்.

பிரிட்டனின் பழைய கார் பிரியர்கள் லூகாஸை 'இருளின் இளவரசன்' என்று கேலி செய்வார்கள். வெளிச்சம் மங்கினால் விளக்கைத் திட்டுவதுதானே வழக்கம்! வயரைத் திட்டுபவர் யார்?

கல்குவாரிக்கோ காட்டுப் பாதைக்கோ போகும் ஜீப்பில் கூடுதலாக ஃபோகஸ் லைட் மாட்டுபவர்கள் சறுக்குவதும் இந்த வயரில்தான். 12 வோல்ட் ஜீப்பின் ஹெட்லைட்டில் கம்பெனி தரும் பல்ப் 60/55 வாட். பிரைட்டில் இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 10 ஆம்பியர். அந்த பல்புகளைக் கழற்றி 100/90 வாட் போட்டாலே அது 16.7 ஆம்பியர் ஆகிவிடும். வயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பழைய சுவிட்சும் வயரும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும். டிம்-பிரைட் சுவிட்சின் பிளாஸ்டிக் இளகி, கேபினுக்குள் கருகல் வாடை வருவது இதனால்தான்.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்கு உடனே தெரியாது. பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய் மறுபடி பம்பருக்கு வர எட்டு மீட்டர் வயர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மில்லிமீட்டர் வயரில் 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.4 வோல்ட் போய்விடும். ஹாலஜன் பல்பின் குணம் பொல்லாதது: வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். காசு கொடுத்து வாங்கிய ஒளியில் மூன்றில் ஒரு பங்கு இப்படி வயரால் தொலைகிறது.

இதற்கு மருந்து ரிலே. விரல் நீளம்கூட இல்லாத கறுப்புப் பெட்டி, அடியில் நாலு கால். 30 என்ற காலுக்குப் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், 87-லிருந்து விளக்குக்கு. 85, 86 இரண்டும் உள்ளிருக்கும் காயிலுக்கு. காயில் கேட்பது ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் கேபின் சுவிட்சுக்கு நிம்மதி. இந்தக் காயிலுக்கான வயரை பிரைட் லைனிலிருந்து எடுப்பது நல்ல பழக்கம். எதிரே வண்டி வந்து டிம் போட்டால், ஃபோகஸ் லைட்டும் கூடவே அணைந்துவிடும்.

ரிலே கேட்டால் கடைக்காரர் முதலில் கேட்பது, "பன்னெண்டா, இருபத்துநாலா?" லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். அதில் 12 வோல்ட் ரிலேயைப் போட்டால் காயில் வெந்துவிடும். அதே இரண்டு 100 வாட் பல்புகளுக்கு லாரி இழுப்பது 8.3 ஆம்பியர்தான் என்பது அதன் வசதி.

ஃபியூஸை விளக்குப் பக்கம் போடுபவர்கள் உண்டு. அது வீண். ஃபியூஸ் காப்பாற்ற வேண்டியது வயரை. ஆகவே பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திலேயே அது இருக்க வேண்டும். அதைத் தாண்டி வயர் எங்கே உரசி சேசிஸில் பட்டாலும் ஃபியூஸ் முதலில் போகும், தீ பிடிக்காது.

எர்த் விஷயத்தில் அலட்சியம் இன்னும் அதிகம். பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கிவிடுவார்கள். இண்டிகேட்டர் போட்டதும் பக்கத்து விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டினால், நேர்வழி கிடைக்காத மின்சாரம் அடுத்த விளக்கின் வழியே ஊருக்குத் திரும்புகிறது என்று அர்த்தம். பெயின்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்தபின் எர்த் வயர் முனையின் லக்கை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும்.

விளக்கு மாட்டுவதற்கு முன் சட்டத்தையும் ஒரு முறை பார்க்க வேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-ஆவது விதி, வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ கூடாது என்கிறது. விதிவிலக்கு வேண்டுமானால் பதிவு அதிகாரியின் அனுமதி தேவை.

எல்.இ.டி. வந்தபின் இழுக்கும் மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதைச் சாக்கிட்டு நூல் போன்ற வயரில் கோப்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஹாலஜன் என்றால் வோல்ட் குறைந்ததும் மங்கிக் காட்டிக்கொடுக்கும். நல்ல எல்.இ.டி. விளக்கின் உள்ளிருக்கும் சர்க்யூட்டோ, வோல்ட் குறையக் குறைய ஆம்பியரைக் கூட்டி இழுத்து வெளிச்சத்தை அப்படியே வைத்திருக்கும். வயர் சூடாவது யாருக்கும் தெரியாது.