கிறிஸ்துமஸ் சீட்டு கட்டுகிறீர்களா? முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள்

கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் டிசம்பர் பிறந்துவிட்டால் வீட்டுக் கணக்கு கைக்குள் நிற்காது. பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும். பலகாரச் சாமான் வாங்க வேண்டும். கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டும், ஆலயத்தில் பண்டிகைக் காணிக்கை படைக்க வேண்டும். இதில் எதையும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. வருஷத்துக்கு ஒரு நாள் வீடு நிறைந்திருக்க வேண்டும் என்று கூலிவேலை பார்க்கிறவரும் ஆசைப்படுவார். அந்த ஆசை நியாயமானது. ஆனால் அந்த ஒரு நாளுக்கான பணத்தை எப்படிச் சேர்க்கிறோம், பற்றாக்குறை வந்தால் யாரிடம் கை நீட்டுகிறோம் என்ற இரண்டு இடங்களில்தான் குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன.

ஜனவரியில் கிறிஸ்துமஸ் சீட்டு அட்டை ஒன்று வரும். ரோஸ் நிறம், உள்ளங்கை அகலம், பன்னிரண்டு கட்டங்கள், மேலே ஒரு நட்சத்திரப் படம். மாதம் 500 ரூபாய் கட்டினால் டிசம்பர் முதல் வாரத்தில் அரிசி, மைதா, சர்க்கரை, எண்ணெய், முந்திரிப்பருப்பு, சில்வர் குடம், வெள்ளிக்காசு என்று பின்பக்கம் பட்டியல் இருக்கும். பணம் கட்டினால் கட்டத்துக்குள் ஒரு சுழி போடுவார்கள். அவ்வளவுதான் ரசீது. பதிவு எண் இருக்காது, அலுவலக முகவரி இருக்காது. கொண்டுவருகிறவர் பெரும்பாலும் தெரிந்தவர்: அதே சபை, அதே அன்பியம், அதே தெரு. “நம்ம சபைக்காரர்தானே, எங்க போயிரப் போறார்?” என்ற பேச்சுதான் அங்கே பத்திரம், சாட்சி, ஜாமீன் எல்லாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 500 வீதம் ஓராண்டில் நீங்கள் கட்டுவது 6,000 ரூபாய். அதே பணத்தை வங்கியில் தொடர் வைப்பாக (ஆர்.டி.) 6.5 சதவீத வட்டிக்குப் போட்டால் முடிவில் கிடைப்பது ஏறத்தாழ 6,200. ஆனால் அட்டைக்காரர் 9,000 ரூபாய் மதிப்புள்ள பொருள் தருவதாகச் சொல்கிறார். முதல் மாதப் பணம்தான் அவரிடம் முழு ஆண்டு இருக்கிறது. கடைசி மாதப் பணம் சில வாரம்கூட இருக்காது. சராசரியாகப் பார்த்தால் அவர் சொல்லும் லாபம் ஆண்டுக்கு 90 சதவீத வட்டியைத் தாண்டும். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் எந்த மொத்த வியாபாரியும் இவ்வளவு குறைக்க மாட்டார். இந்த வருஷம் உங்களுக்குப் பொருள் வந்தால், அது பெரும்பாலும் இன்னொருவர் கட்டிய பணத்தில் வந்தது. ஆள் சேர்வது நின்ற வருஷம் கடை பூட்டியிருக்கும். தீபாவளிச் சீட்டில் வடமாவட்டங்களில் 2022இல் நடந்தது இதுதான். அதே ஆண்டு வெளியே வந்த ஆருத்ரா நிறுவன வழக்கில், அதிக வட்டி ஆசை காட்டிச் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலிக்கப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் தெரிவித்தனர்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஏலச் சீட்டோ குலுக்கல் சீட்டோ நடத்துகிறவர் 1982ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட்ஸ் சட்டப்படி, தொடங்கும் முன்பே சீட்டுப் பதிவாளரிடம் அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். பிணையம் கட்ட வேண்டும். உறுப்பினருக்கு ஒப்பந்த நகல் தர வேண்டும். நடத்துகிறவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2019 திருத்தம். பதிவான சீட்டா என்பதைப் பதிவுத்துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஏலமும் குலுக்கலும் இல்லாமல் மாதாமாதம் பணம் வாங்கிப் பண்டிகைக்குப் பொருளாகவோ பணமாகவோ திருப்பித் தருவதைத் தொழிலாகச் செய்தால், அதைச் சட்டம் டெபாசிட்டாகத்தான் பார்க்கும். முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களை 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. பணம் வாங்கினால் 2 முதல் 7 ஆண்டு வரை சிறை. மோசடி செய்து திருப்பித் தராவிட்டால் 3 முதல் 10 ஆண்டு வரை.

அதே சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு பிரிவு இருக்கிறது. இப்படிப்பட்ட திட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தாலே 1 முதல் 5 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். தெருவில் இருபது வீட்டில் வசூல் செய்து கொடுத்தால் உங்கள் சீட்டு இலவசம் என்று சொல்லிப் பெண்களைத்தான் இதில் இறக்கிவிடுகிறார்கள். நடத்தியவர் ஓடிப்போன பிறகு அந்த இருபது வீட்டுக்காரர்களும் வந்து நிற்பது அந்தப் பெண்ணின் வாசலில்தான். அக்கா, தங்கச்சி யாராவது இப்படி வசூல் செய்துகொண்டிருந்தால் தயவுசெய்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? “போலீசுக்குப் போனா இருக்கிற பணமும் வராது” என்று முதலில் சொல்கிறவர் நடத்தியவராகவோ அவருடைய ஆளாகவோ இருப்பார். நாளைக் கடத்த அவர் சொல்லும் வழி அது. உங்கள் மாவட்டத்துக்கான பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். அட்டையின் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்; ஜிபே, போன்பே கணக்குப் பட்டியல், வாட்ஸ்அப் செய்தி, பேசிய பதிவு எதையும் அழிக்காதீர்கள். அசல் அட்டையைத் திருப்பிக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டப்படி, நடத்தியவரின் சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் மூலம் விற்று, பணம் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழி இருக்கிறது. அதற்கு உங்கள் பெயரும் தொகையும் வழக்கில் ஏறியிருக்க வேண்டும். வருஷங்கள் ஆகும், முழுத் தொகையும் வராமல் போகலாம். ஆனால் புகாரே கொடுக்காதவருக்கு எதுவும் வராது.

பாதுகாப்பான வழி எளிமையானது, அதனால்தான் யாரும் அட்டை அடித்துக் கொண்டுவருவதில்லை. பல வங்கிகளில் மாதம் 100 ரூபாயில்கூட ஆர்.டி. தொடங்கலாம். 11 மாதக் கெடுவுக்கு இடம் தரும் வங்கியில் ஜனவரி தொடக்கத்தில் போட்டால் டிசம்பர் முதல் வாரத்தில் பணம் கையில். வங்கி திவாலானாலும் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இது கூட்டுறவு வங்கிகளுக்கும் பொருந்தும், ஊரில் இருக்கும் தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் பொருந்தாது. சேர்ந்து சேமிக்கும் உற்சாகம் வேண்டுமென்றால் மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது: குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, கூட்டுக் கையெழுத்து, தீர்மானப் புத்தகம் மூன்றும் இருக்கும்.

இனி கடன். டிசம்பர் நடுவில் கைபேசியில் “ஐந்து நிமிடத்தில் பணம்” என்று விளம்பரம் வரும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி கடன் தொகை நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி எவ்வளவு என்று ஒரே தாளில் முன்கூட்டியே காட்ட வேண்டும். வாங்கிய கடன் வேண்டாம் என்று தோன்றினால் அபராதம் இல்லாமல் திருப்பிக் கொடுக்கக் குறைந்தது ஒரு நாள் அவகாசம் தர வேண்டும். உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி தொடக் கூடாது. தொட அனுமதி கேட்டாலே அது மோசடிச் செயலி என்று முடிவு செய்து நீக்கிவிடுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது. படத்தை மார்ஃபிங் செய்து சொந்தக்காரர்களுக்கு அனுப்புவேன் என்று மிரட்டினால் வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம், சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். தெரிந்தவரிடம் மீட்டர் வட்டி, தண்டல் என்று வாங்குவதும் இதே கதிதான். 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் அப்படி வட்டி வசூலிப்பதைக் குற்றமாக்கி, 3 ஆண்டு வரை சிறை என்கிறது. அந்தச் சட்டம் வந்து பதினான்கு ஆண்டு கழித்து, 2017 அக்டோபரில், நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே கந்துவட்டிக் கொடுமையால் தீக்குளித்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கடன் தேடுவதற்கு முன் உங்களுக்குச் சேர வேண்டிய பணம் வந்துவிட்டதா என்று பாருங்கள். 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஆண்டில் 30 நாளாவது வேலை பார்த்தவருக்கு, சம்பள வரம்புக்கு உட்பட்டு, குறைந்தது 8.33 சதவீத போனஸ் சட்டப்படியான உரிமை. மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனம் நவம்பர் முடிவதற்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். தீபாவளிக்கே கொடுத்துவிட்டால், கையில் வந்த அன்றே பாதியை டிசம்பருக்கு ஒதுக்கிவையுங்கள்.

கடைக்குப் போனால் பில் வாங்குங்கள். பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். “விற்ற துணி திரும்ப எடுக்கப்படாது” என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்தாக வேண்டும். நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு இது பொருந்தாது. கடைக்காரர் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது.

செலவைக் குறைப்பது என்றதும் எல்லாரும் பிள்ளைகளின் துணியில்தான் கை வைக்கிறார்கள். அதை விட்டுவிடுங்கள். பலகாரத்தைப் பாருங்கள். முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறை வறுத்துத் திரித்து, தேங்காய்ப்பூவும் எள்ளும் வறுத்துச் சேர்த்து, கருப்பட்டிப் பாகு ஊற்றிப் பிசைந்து, சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும், இல்லையென்றால் உதிர்ந்துவிடும். ஒற்றை ஆளாகச் செய்தால் கை ஓய்ந்துவிடும். மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு வீட்டில் முந்திரிக்கொத்து, ஒரு வீட்டில் அச்சு முறுக்கு, ஒரு வீட்டில் அதிரசம் என்று பிரித்துக்கொண்டால் எண்ணெயும் விறகும் மிச்சம், மூன்று வீட்டிலும் மூன்று பலகாரம். குடிலுக்குக் கடையில் பிளாஸ்டிக் புல் வாங்க வேண்டியதில்லை. டிசம்பர் பாதியில் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு தூவினால் பண்டிகைக்குள் பச்சைப் பசேலென்று வந்துவிடும். தினமும் தண்ணீர் தெளிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக் கணக்குப் புரியும்.

போதகர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் ஒரு வேண்டுகோள். சில ஆலயங்களில் பண்டிகைக் காணிக்கையைப் பெயரும் தொகையும் சொல்லி வாசிக்கிறார்கள். அந்த வாசிப்புக்குப் பயந்து கடன் வாங்குகிற குடும்பங்கள் உண்டு. குழந்தை இயேசுவை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுபோன யோசேப்பும் மரியாளும் படைத்தது பறவைகளை. ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு நியாயப்பிரமாணம் அனுமதித்த காணிக்கை அது. தொகை வாசிப்பதை இந்த ஆண்டே நிறுத்துங்கள். ஆலய வளாகத்தில் சீட்டு அட்டை விநியோகிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

பண்டிகை முடிந்து ஜனவரி முதல் வாரத்தில் அடுத்த வருஷத்துக்கான அட்டை உங்கள் வீட்டுக்கு வரும். கொண்டுவருகிறவர் சபை மூப்பரே ஆனாலும் பதிவு எண்ணையும் ஒப்பந்த நகலையும் கேளுங்கள். இல்லை என்றால் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, அந்த 500 ரூபாயோடு வங்கிக்குப் போங்கள்.